உன் இடது கன்னம்

இன்று காலை ஸ்டூடியோவுக்குள் உன் வாடை வந்தது. ரப்பர் பால் புளித்த வாடை. எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது என்று புலம்புவாயே, அதே வாடை. சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். ருவான்வெல்லைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மனிதர் வந்து நின்றார். பால்வெட்டு முடித்த கையோடு பஸ் ஏறியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து அவருடைய மனைவியின் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மனைவி தவறி இன்னும் கருமாதி முடியவில்லையாம்.

"பெருசாக்கிக் குடுங்க தங்கச்சி. கொஞ்சம் வெள்ளையாக்கி, ஒரு பட்டுச்சீலையும் போட்டு விடுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல. அவர் பாவம், ஊரில் எல்லோர் வீட்டுச் சுவரிலும் பார்த்ததைத்தான் கேட்டார். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் உன் மேல். நீ செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் நான் உன்னோடு சண்டை போட்டு முடிக்கவில்லை.

நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியாததா? உயிரோடு இருக்கும்போது படம் எடுக்க யாருக்கும் நேரம் வராது. செத்ததும் அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அந்த முத்திரை அளவு மூஞ்சியைப் பெரிதாக்கி, ஆண் என்றால் கோட்டும் டையும், பெண் என்றால் பட்டுச்சீலையும் அட்டிகையும். வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு மலையேறிய மனிதருக்குச் செத்த பிறகு டை. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. அதன் கழுத்துக்குள் எத்தனை தலைகளைச் செருகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீ ஒரு நாள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, நம்ம தோட்டத்துல செத்தவங்க எல்லாம் ஒரே கம்பனியில வேல பாக்கிறாங்க போல" என்றாய். கடை முதலாளி நானா கூடச் சிரித்துவிட்டார்.

தோலுக்கும் ஒரே வர்ணம்தான். அதற்கு நாங்கள் 'ஸ்டூடியோ கலர்' என்று பெயர் வைத்திருந்தோம். சிங்களவர்கள் வந்தாலும் "டிக்கக் சுது கரலா தென்ன நங்கி" என்பார்கள். கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடு தங்கச்சி. தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோரும் ஒற்றுமையாகக் கேட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வீதியில் எங்கு பார்த்தாலும் செக்பொயின்ட். அடையாள அட்டைப் படத்துக்குக் கடைவாசலில் வரிசை நின்றது. அந்த வரிசைக்கு நடுவில்தான் நான் வரையப் பழகினேன். உன்னை வைத்துப் பழகினேன்.

நீயும் நானும் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் பஜாரில் நானாவின் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டேன். நீ ஸ்டோருக்குப் போனாய். பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கிற தோட்டத்து ஃபேக்டரியை நாம் ஸ்டோர் என்றுதானே சொல்வோம். வெயில் படாத வேலை என்று உன் அம்மாவுக்குப் பெருமை. அங்கே பாலை உறைய வைக்க அசிட் ஊற்ற வேண்டும். கேனின் கழுத்து வெடித்திருக்கிறது, கையுறை கொடுங்கள் என்று நீ கேட்டிருக்கிறாய். "பால்ல கை நனைக்கப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்று கேட்டிருக்கிறார் பெரிய கிளாக்கர். தோட்டத்து ஆபீசிலிருந்து அன்றைக்கென்று ஸ்டோருக்கு மேற்பார்வைக்கு வந்திருந்தார். கூட நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். நீ கேனைச் சரித்தாய். கழுத்து உடைந்து, தண்ணீர் கலக்காத அசிட் அப்படியே உன் இடது கன்னத்தில் அடித்தது.

கண் தப்பியது. கன்னம் வெந்தது. ஆறியபோது தோல் சுருங்கி, கண்ணின் கீழ் ஓரத்தையும் கொஞ்சம் இழுத்துவிட்டது.

அது ஸ்டோரில் நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விசாரிக்க ஆள் வந்த நாளில், அடுப்படியில் சுடுதண்ணி பட்டது என்று உன் அண்ணன் சொன்னான். கிளாக்கர் அப்படிச் சொல்லச் சொன்னார். அடுத்த மாதம் அண்ணன் ஸ்டோருக்கு வாட்சர் ஆனான். அப்பா இல்லாத வீட்டில் நிலையான வேலை. உன் அம்மா வாயைத் திறக்கவில்லை. உன்னோடு ஸ்டோரில் நின்ற பெண்களும் திறக்கவில்லை. போகப்போக லயத்துப் பிள்ளைகள் கூட "சுடுதண்ணி அக்கா" என்று உன்னைச் சொல்லத் தொடங்கின. உன்னை ஸ்டோரிலிருந்து எடுத்துப் பால்வெட்டுக்குப் போட்டார்கள். நீ கத்தினாய், திட்டினாய், ஆபீஸ் வாசலில் போய் நின்றாய். பிறகு நிறுத்திவிட்டாய். நீ சமாதானமாகிவிட்டாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

நான் வரையப் பழகிய பலகை வந்தது வெகுகாலம் கழித்து. நானாவின் மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டு வந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில் கறுப்புப் பலகை, ஒரு பேனா. பலகையில் வரைந்தால் கம்ப்யூட்டர் திரையில் படம் வரும். நானா பேனாவைப் பிடித்து ஒரு கோடு இழுத்தார். அது அவர் நினைத்த பக்கம் போகவில்லை. "இது ஷைத்தான்ட வேல. புள்ள, நீயே வெச்சி பாரு" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைய வேண்டும், அதுதான் அதில் கஷ்டம். முதல் வாரம் நானாவை வரைந்தேன். பலாப்பழத்துக்குத் தாடி வைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் எனக்கு முன்னால் உட்காரவே இல்லை.

நீ உட்கார்ந்தாய். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மேல் கழுவி, பஜாருக்கு வருகிற சாக்கில் வந்து, நீலத் திரைச்சீலைக்கு முன்னால் அந்த முக்காலியில் உட்காருவாய். அசையாதே என்றால் அசைய மாட்டாய், ஆனால் வாய் மட்டும் ஓயாது. கங்காணியின் புது மீசை, குழாயடியில் யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் எனக்கு அந்த முக்காலியிலிருந்துதான் தெரியும்.

நான் முதலில் நமக்குத் தெரிந்த ஸ்டூடியோ கலரை எடுத்துப் பூசினேன். எழுந்து வந்து பார்த்தாய். "இது யாரு?" என்றாய். "நீதான்" என்றேன். "இது எந்த பங்களா நோனா? நான் எங்க?" என்றாய். அதன் பிறகுதான் உன் முகத்தை நிஜமாகப் பார்த்தேன். கறுப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நெற்றியில் வெளிச்சம் விழுகிற இடத்தில் செம்பு நிறம். தாடைக்குக் கீழே திரைச்சீலையின் நீலம் ஏறியிருந்தது. மூக்கின் ஓரத்தில் ஊதா. நிழல் என்றால் கறுப்பைக் கலப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கறுப்பைக் கலந்தால் முகம் அழுக்காகிவிடுகிறது. பேனாவை அழுத்தினால் தடித்த பூச்சு, மெல்லத் தொட்டால் மெல்லிய பூச்சு. அதைக் கை படிப்பதற்குள் உன்னை எத்தனை முறை அழித்து வரைந்தேன்.

தப்பாகப் போனால் அழிக்க அதில் ஒரு பட்டன் இருந்தது. அண்டூ. அதைத் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு போய்விடும். நான் அதைத் தட்டித் தட்டி வரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"ஒனக்கு வாச்சிருக்கு பாரு சாந்தி. தப்புப் பண்ணா ஒரு பட்டனு."

"ஒனக்கும் ஒண்ணு இருந்தா என்னா பண்ணுவே? அந்தக் கேனத் தொடாம வந்திருப்பியா?"

"நான் ஏன் தொடாம வரணும்? தொடச் சொன்னவன் வாய அழிச்சிருப்பேன்" என்றாய்.

உன் முகத்தை நேராக எல்லாம் வரைந்துவிட்டேன், இடது கன்னத்தைத் தவிர. தெரியாமல் இல்லை. கூச்சம். முகத்தைக் கொஞ்சம் திருப்பி உட்கார் என்றேன், வலது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி. நீ திரும்பவில்லை. எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். அன்றைக்கு நீ பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"எங்கடி என் கன்னம்? தோட்டத்துக்காரன் மாதிரி நீயும் இல்லேங்கிறியா? எங்கண்ணன் வித்துட்டான், எங்கம்மா வாய மூடிக்கிட்டா. ஸ்டோர்ல நடந்ததுக்கு இப்ப இருக்கிற ஒரே சாட்சி இந்தத் தோலுதான். அதயும் நீ துடைச்சிப் போட்டுராத. போடு அத."

போட்டேன். உன் முகத்தில் எனக்குப் பெருங்கஷ்டமான இடம் அதுதான். வெந்த தோல் மற்றத் தோல் மாதிரி வெளிச்சத்தை வாங்குவதில்லை. அதற்கு வேர்ப்பதும் இல்லை. முகம் முழுக்க வியர்வை மினுங்கும்போது அந்த இடம் மட்டும் காய்ந்து, வேறொரு பளபளப்போடு இருந்தது. சுருக்கங்களுக்கு நடுவே இளஞ்சிவப்பு, ஓரங்களில் வெள்ளை. கண்ணின் கீழ் இமை இழுபட்ட கோணத்தை வரைவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. நீ பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முடிந்த நாளில் திரைக்குக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தாய். "ம். இதுதான்" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது. அதை விட நல்ல படம் இன்றைக்கு வரைக்கும் நான் வரைந்ததில்லை.

பெரிதாக அடித்து, கண்ணாடி போட்டு, நீ தூக்கிக்கொண்டு போனாய். வாசலுக்கு நேரே இருக்கிற சுவரில் மாட்டினாய், வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. திருவிழா வேலையாகப் பெரிய கிளாக்கர் லயத்துக்கு வந்த நாளில் வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் உன் அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

அன்று தொடங்கியது உங்கள் வீட்டு யுத்தம். காலையில் வேலைக்குப் போகும்போது அண்ணன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பான். பால்வெட்டு முடிந்து வந்ததும் நீ நேரே திருப்புவாய். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டீர்கள். உன் அம்மா நடுவில் உட்கார்ந்து அரிசி புடைப்பாராம். இதை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். "வர்றவங்க பாக்கிறாங்கன்னு சொல்றான்டி. பாக்கத்தானேடா மாட்டியிருக்கேன்னேன்."

இப்போது நான் உன்னைத் திட்ட வேண்டிய இடம் வருகிறது.

அந்த மழையில் வடிகால் கான் வெட்டப் போகாதே என்று சொன்னேனா இல்லையா? பாதமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, எலி ஓடுகிற சேற்றுத் தண்ணியில் இறங்காதே என்றேன். மரம் ஈரமாக இருக்கிறது, பால் வெட்ட முடியாது, வேறென்ன வேலை தருவார்கள் என்றாய். காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் காய்ச்சல் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். கண் மஞ்சளாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானாவிடம் சொல்லி வேன் பிடிக்கிறேன் என்றேன். "காய்ச்சல்தானேடி, செத்தா போயிருவேன்?" என்றாய். தோட்டத்துக்கு முன்னால் அவ்வளவு பிடிவாதமாக நின்றவள், ஒரு காய்ச்சலுக்கு முன்னால் ஏன் அப்படிச் சும்மா கிடந்தாய்? கடைசியில் உன்னை லொறியில் போட்டுக்கொண்டு போனபோது, எலிக்காய்ச்சல், சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். அந்த மருந்துச்சாலைக்காரனை நான் மன்னிக்கவில்லை. உன்னையும்தான்.

பெட்டியை மூடுகிற நேரத்தில் உன் அண்ணன் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். "அவளுக்கு ரொம்பப் பிடிச்ச படம். கூடவே போகட்டும்" என்று சொல்லி உன் காலடியில் வைத்தான். கூட்டம் அழுதது. தங்கச்சி மேல் எத்தனை பாசம் என்று ஒரு அத்தை மூக்கைச் சிந்தினார். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மண் போட்டு மூடிவிட்டார்கள். இனி அதை யாரும் நேரே திருப்ப முடியாது. இழவு வீட்டில் சண்டை போடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். அன்று போடாத சண்டை இன்னும் பாக்கி நிற்கிறது.

அடுத்த வாரம் அவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். கையில் உன் அடையாள அட்டை. ஸ்டோருக்குப் போவதற்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு கன்னமும் முழுசாக இருக்கிற படம். "கருமாதிக்கு வேணும். வெள்ளையாக்கி, பட்டுச்சீல போட்டு" என்றான்.

"என்கிட்ட அவ படம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதயே திரும்ப அடிச்சித் தாறேன்" என்றேன்.

"அது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"சும்மா கிளறாத சாந்தி. எனக்கு ரெண்டு புள்ள இருக்கு."

"அவளுக்கு ஒரு கன்னம் இருந்திச்சு" என்றேன்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் கத்தினேன். விற்றது போதாதா, புதைத்தது போதாதா, இப்போது மேலே பவுடரும் பூச வேண்டுமா என்று கேட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று. நானா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "புள்ள, சத்தம் போடாத. கஸ்டமர் கேக்கிறத செஞ்சி குடுக்கிறதுதான் நம்மட வேல. வழக்குப் பேசுற எடமா இது?" என்றார். "அப்ப நீங்களே செஞ்சி குடுங்க" என்று பேனாவை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போய் நின்றேன். நானாவுக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் உன் அம்மா வந்தார். தனியாக, பஸ்ஸில். மகன் அனுப்பி வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன், அவரையும் திட்டத் தயாராக இருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. நீ உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தப் படத்தக் காட்டு தாயி" என்றார்.

திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கையை நீட்டித் திரையில் உன் கன்னத்தைத் தொட்டார். பிறகுதான் சொன்னார். "உள்ளதத்தான் போட்டிருக்க. ஆனா இருந்த வரைக்கும் பட்டது போதும் தாயி. தெனமும் நாந்தான் எண்ண தடவி விட்டேன். ஒரு நாளாவது ஆறிப் பாக்கணும்னு இருந்தேன். படத்துலயாவது அத ஆத்திக் குடு. நான் பாத்துட்டுச் சாகுறேன்."

அண்ணனிடம் கத்தலாம், கிளாக்கரைச் சபிக்கலாம். எண்ணெய் தடவிய கையை என்ன செய்வது? நீ சொன்னது ஒரு பக்கம், பெற்றவர் கேட்பது ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டு நீ போய்ப் படுத்துக்கொண்டாய் என்று அப்போது வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்குத் தமிழில் நல்ல வார்த்தை இல்லை, கெட்ட வார்த்தைதான் இருக்கிறது.

நான் செய்யாவிட்டால் வேறு யாராவது அந்த அடையாள அட்டையை எடுத்து வெள்ளையடிப்பார்கள். அதை நான் இருக்கிற இடத்தில் நடக்க விடமாட்டேன். "வெள்ளையாக்க மாட்டேன், பட்டுச்சீலயும் கெடயாது. கன்னம் மட்டும்" என்றேன். "அது போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. நானா சாவியைத் தந்தார். உன் அம்மாவும் வந்தார். வெந்த தோலுக்கு மேலே புதிதாக ஒரு லேயர் போட்டேன். கண்ணாடித் தாளைப் படத்தின் மேல் விரித்த மாதிரி அது. கீழே இருப்பது அப்படியே இருக்கும், மேலே வரைவதுதான் கண்ணுக்குத் தெரியும். வலது கன்னத்தைப் பிரதி எடுத்து, திருப்பி, இடது பக்கம் வைத்துப் பார்த்தேன். முகம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் நீ இல்லை. அழித்தேன். அடையாள அட்டைப் படத்தைப் பார்த்தேன். அந்த அளவில் அதில் ஒன்றும் பிடிபடவில்லை. நினைத்துப் பார்த்தேன். கூடவே வளர்ந்தவள், ஒரு தட்டில் சாப்பிட்டவள், வெந்ததற்கு முந்திய உன் கன்னம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. எத்தனையோ மாதம் உன்னை உற்று உற்றுப் பார்த்து வரைந்த எனக்கு இல்லை.

உன் அம்மாவுக்கு இருந்தது.

"எலும்புக்குக் கீழ கொஞ்சம் பூசினாப்ல இருக்கும்" என்றார். பூசினேன். "அவ்வளவு இல்ல." குறைத்தேன். "அந்தக் கண்ணப் பாரு. அது கீழ எறங்கித்தான் கெடக்குது, தூக்கி விடு." தூக்கினேன். "ஒரு மச்சம் இருந்திச்சு." எங்கே என்று கேட்டேன். விரலால் காட்டினார். புள்ளி வைத்தேன். "அங்க இல்ல தாயி, காதுப் பக்கமா. ம், கீழ. ஆங்." அசிட்டில் போன மச்சம். அந்தப் புள்ளி விழுந்ததும் நீ திரையில் வந்துவிட்டாய். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் அழவில்லை. என் கை உன் சாட்சியை மூடிக்கொண்டிருந்தது. கிளாக்கர் வாயால் செய்ததை நான் பேனாவால் செய்கிறேன், அதுவும் அவரை விட நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே மூடினேன்.

அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனான். கறுப்பாக இருக்கிறதே என்று முனகினான், பருத்திச் சீலை என்றும் முனகினான். கன்னத்தைப் பார்த்ததும் முனகுவதை நிறுத்தினான்.

கருமாதிக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போனேன். லயத்து வாசலில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். நாற்காலியில் உன் படம், மாலை, குத்துவிளக்கு. பெரிய கிளாக்கரும் வந்தார். வருவார் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து தலையைக் காட்டுவது வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் நின்று, கும்பிட்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்ததும் தோள் இறங்கியது. மூச்சு விட்டார். அந்த நிம்மதியை அவருக்குச் செய்து கொடுத்தது என் கை.

"லஸ்ஸனயா இருக்கு" என்றார் அண்ணனிடம், அழகாக இருக்கிறதாம். "நல்லா செஞ்சிருக்காங்க."

உன் அம்மா பெண்களோடு கீழே உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். நல்ல செய்தி சொல்ல வருகிற முகம்.

"ஆமாங்கய்யா. கன்னம் நல்லாயிருச்சு பாருங்க. ஸ்டோர்ல அசிட் பட்டு வெந்த கன்னம். அடுப்படின்னு சொல்லுங்கன்னு நீங்க சொன்னீங்களே, அந்தக் கன்னந்தாங்கய்யா. இந்தப் புள்ளதான் ஆத்திக் குடுத்திச்சு" என்று என்னைக் காட்டினார்.

அவர் குத்திக் காட்டவில்லை. எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு அப்படிப் பேச வராது. கன்னம் ஆறிவிட்டது, இனிச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான். அண்ணன் கையில் சொம்போடு அப்படியே நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து, உன்னோடு ஸ்டோரில் வேலை செய்த ஒருத்தி தலையைக் குனிந்தபடியே, "நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். இன்னொருத்தி, "தண்ணி அள்ளி ஊத்துனது நானு" என்றாள். கிளாக்கர் "ஹரி ஹரி, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினார். ஒரு செருப்புத்தான் கிடைத்தது. மற்றதைத் தேடுகிற வரைக்கும் அவர் அங்கே நிற்க வேண்டியிருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பாய். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என்னை எரிக்கிறது. உன் அண்ணனின் வேலை போகவில்லை. யாரையும் ஆபீசுக்குக் கூப்பிடவில்லை. அந்த மனிதர் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஸ்டோரில் இன்னும் வெறுங்கையால்தான் அசிட் ஊற்றுகிறார்கள். சொன்னால் வீடு போய்விடும், வேலை போய்விடும், தலை போய்விடும் என்று எல்லோரும் இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்களே, சொன்னபோது ஒருவர் தலையும் போகவில்லை. இதைச் சொல்ல நீ சாகத்தான் வேண்டியிருந்ததா? நீ வெந்த கன்னத்தோடு ஆபீஸ் வாசலில் தனியாக நின்றாயே, அன்றைக்கு உன் அம்மாவும் அந்த இரண்டு பெண்களும் உன் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

நான் இன்னும் வரைகிறேன். ஸ்டூடியோ கலரைத் தொடுவதில்லை. நானா முணுமுணுப்பார், பிறகு விட்டுவிடுவார். செத்தவரின் படம் கேட்டு யாராவது வந்தால், அட்டையை வாங்கி வைத்துவிட்டு, வீட்டில் யார் அவருக்குக் கிட்ட இருந்தது, அவர்களைக் கூட்டி வாருங்கள் என்கிறேன். பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டுக் கேட்டு வரைகிறேன். அது உன் அம்மாவிடம் வாங்கியது. நிறம் பார்ப்பது உன்னிடம் வாங்கியது.

ஆனால் தினமும் என்னோடு கூட வருவது அந்தக் கொட்டகைதான். உன் அம்மா அதை வாய்விட்டுச் சொன்னார். உன் அண்ணன் கேட்டான், கிளாக்கர் கேட்டார், லயம் முழுக்கக் கேட்டது, நான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் கன்னத்தைக் காட்டிக்கொண்டே திரிந்தவள் நீ, நீ ஒருத்திதான் கேட்கவில்லை. காய்ச்சல்தானே என்று சொல்லிப் படுத்துவிட்டாய். அதற்கு உன்னை நான் மன்னிப்பதாக இல்லை.